ஐம்பத்தெட்டு மார்க் வாங்கிய ராஜா

"கண்ணாடி போட்ட பொண்ணு. இதுக்குக் கீறல் இன்னா தெரியப்போவுது?"

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவர் சொன்னது இது. என்னிடம் சொல்லவில்லை. என்னை அழைத்துக்கொண்டு வந்த ஹெச்.ஆர். ஆளிடம், என் தலைக்கு மேலாக, மழை வருமா என்று விசாரிப்பதுபோலச் சொன்னார்.

ஒரகடத்தில், கார் பிரேக்குக்குள் போகும் சின்ன பிஸ்டன்கள் செய்கிற கம்பெனி அது. வெளியிலிருந்து வருகிற உதிரிகளைப் பார்த்து நல்லதையும் கெட்டதையும் பிரிக்கிற இடத்துக்கு இன்கமிங் என்று பெயர். அங்கே பொறுப்பாளர் அவர், அவர் வைத்ததுதான் சட்டம். நானோ சேரப்பணஞ்சேரியில், எனக்கு முன்னால் யாரும் பள்ளிக்கூட பெஞ்சில் உட்காராத வீட்டிலிருந்து, மெக்கானிக்கல் டிப்ளமாவில் முதல் வகுப்பு வாங்கிக்கொண்டு வந்தவள். சும்மா நிற்க முடியுமா?

"கண்ணாடி போட்டதாலதாண்ணா தெரியும். போடாதவங்களுக்குத்தான் டவுட்டு" என்றேன்.

அப்போது அவர் கண்ணாடி இல்லாமல் ஒரு டிராயிங்கைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் படித்துக்கொண்டிருந்தார். தாளை மெல்ல இறக்கி என்னைப் பார்த்தார். பிறகு ஒரு தட்டு நிறைய பிஸ்டன்களை என் முன் நகர்த்தினார். நான் ஒவ்வொன்றாக விளக்கடியில் உருட்டிப் பார்த்து, ஒன்றை மட்டும் எடுத்துத் தனியாக வைத்தேன். மயிரிழைபோல ஒரு கீறல். அவர் எடுத்துப் பார்த்தார். தெரிந்தது என்பது அவர் புருவத்திலேயே தெரிந்தது. ஆனால் ஒப்புக்கொள்ள வேண்டுமே.

"சரி, வேற யாராச்சும் பாக்கட்டும்" என்று பக்கத்து மேஜை முத்துலட்சுமியிடம் கொடுத்தார். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தவள் அவள். கீறல் இருக்கிறது என்றாள். அந்த வழியாக டீ குடிக்கப் போன செக்யூரிட்டியை நிறுத்தி அவரிடமும் காட்டினார். பிஸ்டன் என்றால் என்னவென்றே தெரியாத அந்த மனிதரும் "கோடு மாதிரி கீது சார்" என்றார். அப்புறம்தான் அதில் சிவப்பு டேக் ஒட்டினார்.

எங்கள் இடத்தில் எல்லாம் டேக் கணக்குதான். பச்சை ஒட்டினால் பாஸ், சிவப்பு என்றால் ரிஜெக்ட். மஞ்சள் ஒட்டினால் ஹோல்டு, அதாவது இன்னும் முடிவு செய்யவில்லை. அன்று சாயங்காலம் என் டூல் பாக்ஸின் மூடியில் ஒரு மஞ்சள் டேக் ஒட்டியிருந்தது. யார் ஒட்டியது என்று கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

உதிரிகளுக்கு அவர் மஞ்சள் ஒட்டி நான் பார்த்ததே கிடையாது. பச்சை, இல்லையென்றால் சிவப்பு. அம்பத்தூரிலிருந்து சப்ளையர்கள் வண்டி போட்டுக்கொண்டு வந்து, இன்னொரு தடவை பாருங்கள் சார் என்று கெஞ்சுவார்கள். அவர் நிமிரவே மாட்டார். "பாத்தா பாத்ததுதான்" என்பார். ஒரு சப்ளையர் பொங்கலுக்குக் கரும்புக்கட்டு கொண்டுவந்து வைத்தார். அதிலேயே ஒரு கரும்பில் பூச்சி இருக்கிறது என்று சிவப்பு டேக் ஒட்டித் திருப்பி அனுப்பினார்.

இப்படி ஊராருக்கு ஒரே பார்வையில் தீர்ப்பு எழுதுகிற மனிதர், தனக்கென்று யாராவது தீர்ப்பு சொல்லிவிட்டால் மட்டும் அதை நம்பவே மாட்டார். இன்னோர் இடத்தில் காட்ட வேண்டும். அங்கேயும் அதையே சொன்னால் மூன்றாவது இடம்.

கம்பெனியில் மருத்துவ முகாம் போட்டு, அவருக்குச் சர்க்கரை கூடுதல் என்றார்கள். ஸ்ரீபெரும்புதூரில் ஒரு லேப், படப்பையில் ஒரு லேப், சுங்குவார்சத்திரத்தில் ஒரு லேப் என்று ஒரு வாரம் அலைந்தார். மூன்றில் எது குறைவாகச் சொன்னதோ அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அன்றைக்கே கேன்டீனில் ஜாங்கிரி வாங்கித் தின்றார். எடை பார்க்கிற மிஷின் ஒரு பேருந்து நிலையத்தில் கூடுதலாகக் காட்டினால் அடுத்த பேருந்து நிலையத்தில் ஏறுவார். செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பிவிட்டது என்று டிவியில் சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கரையில் நின்று பார்த்துவிட்டு வந்து, "ஆமாம், ரொம்பித்தான் கீது" என்று எங்களுக்கு அறிவிப்பார். டிவிக்காரன் பிழைத்தான் என்று முத்துலட்சுமி சொல்வாள்.

அவருடைய மகன் பிளஸ் டூவில் நன்றாகத்தான் மார்க் வாங்கியிருந்தான். பையன் லட்டு வாங்கி வந்து தெருவில் கொடுத்துக்கொண்டிருந்தபோது இவர் மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு வந்தார். அதில் ரெண்டு மார்க் குறைந்தது. குறைத்ததற்கும் மறுமதிப்பீடு உண்டா என்று விசாரிக்க மறுநாள் லீவு போட்டார். அந்தப் பையன் அதற்கப்புறம் எந்தப் பரீட்சை ரிசல்ட்டையும் வீட்டில் சொல்வதில்லை என்று கேள்வி.

அந்தக் காசின் கதை இதற்கெல்லாம் நடுவில்தான் நடந்தது.

அது அவருடைய அம்மா வைத்திருந்த வெள்ளி ரூபாய். ஒரு பக்கம் கிரீடமும் தாடியுமாக வெள்ளைக்கார ராஜா தலை. அம்மாவின் கல்யாணத்தன்று அவருடைய தாத்தா, பெட்டியிலிருந்து புதுசாகவே எடுத்து மகள் மடியில் போட்டது. அம்மா அதைச் சாமி படத்தட்டில் வைத்துவிட்டாள். எத்தனை கஷ்டம் வந்தும் செலவழிக்கவில்லை என்பதில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை. சாகும்போது அவரிடம் கொடுத்து, "இது ஒரு நாளும் வூட்டு வாசப்படி தாண்டல" என்றாளாம்.

பதினாறாம் நாள் காரியத்தில், உறவுக்காரர்கள் நடுவே, அவருடைய அக்கா ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். "அப்பா படுத்த படுக்கையாக் கெடந்த வருசம் வூட்ல ஒரு படி அரிசி இல்ல. வெள்ளி ரூபாய வச்சிகினு பட்டினி கெடந்தாங்களா? அத மாத்திட்டு அப்பால வேற ஒன்னு வாங்கி வெச்சிருப்பாங்க. நம்ம கிட்ட கத வுட்டுகினு இருந்தாங்க."

அப்பா படுத்தது அக்காவுக்குக் கல்யாணம் ஆகிப் போன பிறகு. பக்கத்தில் இருந்து பார்க்காத அக்கா எப்படி அம்மாவைப் பொய்க்காரி ஆக்கலாம் என்று இவருக்கு ஆத்திரம். பந்தியிலிருந்து பாதியில் எழுந்து வந்தவர்தான். அக்காவுடன் பேச்சு நின்றுபோனது. அவருடைய அக்கா எங்கள் சேரப்பணஞ்சேரியில், பெண்கள் ஹாஸ்டலுக்கு எதிரே டிபன் கடை வைத்திருந்தார். இவர் மண்ணூரிலிருந்து வேலைக்கு வருகிறவர். அக்கா கடை கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதற்காகவே சுற்று வழியில் போவார்.

ஒரு நாள் யாரோ அவரிடம் ஒரு விஷயம் சொன்னார்கள். பழங்காசுகளைச் சோதித்து எழுபதுக்கு இத்தனை என்று மார்க் போட்டு, திறக்க முடியாத பிளாஸ்டிக் டப்பாவில் மூடித் தருகிற நிறுவனங்கள் இருக்கின்றன. அறுபதும் அதற்கு மேலும் வாங்கினால் கையே மாறாத காசு. அறுபதுக்குக் கீழே என்றால் புழக்கத்தில் இருந்த காசு. அவர் முகம் அன்று போல் மலர்ந்து நான் பார்த்ததில்லை. காசுக்கும் ஒரு இன்கமிங் இருக்கிறதே. அறுபது என்று ஒரு வார்த்தை எழுதி வாங்கிவிட்டால் போதும், அம்மா சொன்னது உண்மை. அதை அக்கா கடைக் கல்லாவில் கொண்டுபோய் வைப்பதுதான் திட்டம். வேறு ஒன்றும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. காசு என்ன விலை போகும் என்று முத்துலட்சுமி கேட்டதற்கு அவளை ஒரு நாள் முழுக்க முறைத்தார்.

ஐம்பத்தெட்டு வந்தது.

இன்கமிங்கே இழவு வீடுபோல் ஆனது. முத்துலட்சுமி போனில் கணக்குப் போட்டுப் பார்த்து, "அண்ணாச்சி, எண்பது பர்சென்ட்டுக்கு மேல வருது. டிஸ்டிங்ஷன்லா" என்று தேற்றினாள். அவர் தேறவில்லை. டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எல்லாரும் எதிர்பார்த்ததைச் சொன்னார். "வேற எடத்துல காட்டலாம்."

வேறு நிறுவனத்துக்கு அந்த டப்பாவோடு அனுப்பலாம்தான். ஆனால் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மறுமதிப்பீட்டுக்குப் போகிற பேப்பரில் பழைய மார்க் தெரிந்தால், பார்க்கிறவன் அதையேதான் போடுவான் என்றார். மகன் விஷயத்தில் கிடைத்த அனுபவம். ஆகவே டப்பாவை உடைத்துக் காசை வெளியே எடுக்க வேண்டும்.

உடைக்கிற வேலை மதிய இடைவேளையில் டூல் ரூமில் நடந்தது. இன்கமிங் முழுக்கக் கூடிவிட்டது. டப்பாவை வைஸ் என்கிற இரும்புப் பிடியில் வைத்தார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சுற்று இறுக்கினார். ஒன்றும் ஆகவில்லை. கட்டிங் பிளையரால் மூலையைக் கடித்தார். பிளையர் வழுக்கியது. மெதுவாக, மெதுவாக என்று அவரே அவருக்குச் சொல்லிக்கொண்டு இன்னொரு சுற்று இறுக்கியபோது, டப்பா பட்டென்று வெடித்து, ராஜா எகிறித் தரையில் விழுந்து, மஞ்சள் கோடு போட்ட நடைபாதையில் உருண்டு போனார். யாரும் கையால் தொடாதீர்கள் என்று இவர் கத்திக்கொண்டே ஓடினார். காசு நேராகப் போய், அப்போதுதான் உள்ளே நுழைந்த பிளான்ட் மேனேஜரின் சேஃப்டி ஷூவில் முட்டி நின்றது.

மேனேஜர் குனிந்து எடுத்தார். கட்டைவிரலாலும் ஆள்காட்டிவிரலாலும் நன்றாகப் பிடித்து, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்தார். அப்புறம் சிரித்துக்கொண்டே, "தலையா பூவா?" என்று மேலே சுண்டினார்.

காசு மேலே போய்க் கீழே வரும் வரை இவர் கண்ணைத் திறக்கவில்லை.

காசு கையில் வந்ததும் உடனே அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் ஆடி மாசம் வந்துவிட்டது. அம்மா உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு வெள்ளியும் அந்தக் காசுக்குப் பொட்டு வைத்துக் கும்பிடுவாளாம். டப்பாவுக்குள் இருந்த வரைக்கும் வேறு வழியில்லை, வெளியே வந்த பிறகு ஆடி வெள்ளியை எப்படி விடுவது என்றார். வாராவாரம் பொட்டு வைத்தார். மறுநாள் காலை அதைச் சுத்தமாகத் துடைத்தார், அதுவும் எங்கள் இன்கமிங்கிலிருந்து எடுத்துப் போன பஞ்சு உதிராத துணியால். எதையும் முறையாகச் செய்கிற மனிதர் அவர். ஆடி முடிந்து இரண்டாவது நிறுவனத்துக்குப் போன காசு ஐம்பத்தைந்தோடு திரும்பி வந்தது.

"இவனுங்களுக்குக் கண்ணு அவனுங்கள விட மோசம்" என்றார். அந்த டப்பாவையும் உடைத்தார். இந்த முறை சுற்றிலும் சாக்கு விரித்து, வாசலில் முத்துலட்சுமியைக் காவலுக்கு நிறுத்தி. மூன்றாவது நிறுவனத்துக்கு அனுப்புவதற்குள் நவராத்திரி வந்தது, ஆயுத பூஜை வந்தது. ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்டிலிருந்து காபி மிஷின் வரை சந்தனம் குங்குமம் வைக்காத பொருள் கிடையாது. ராஜாவுக்கும் வைத்தார்கள், துடைத்தார்கள்.

மூன்றாவது இடத்தில் மார்க்கே போடவில்லை. தேய்த்துச் சுத்தம் செய்யப்பட்ட காசு, ஆகவே மதிப்பெண் கிடையாது என்று எழுதி அனுப்பிவிட்டார்கள்.

அன்று அவர் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரியைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. "குளிச்சிட்டு வந்தவன வெளிய நிக்க வைக்கிறானுங்க" என்றார். "அழுக்கா இருந்திருந்தா உள்ள விட்டிருப்பானாம்."  சப்ளையர் ஒருவர் வந்து ரிஜெக்ட் ஆன சரக்கைத் தலையைக் குனிந்துகொண்டு எடுத்துப் போனதைக்கூடக் கவனிக்கவில்லை.

மதியம் என் மேஜைக்கு ஒரு தட்டு வந்தது. வழக்கமான சாம்பிள் தட்டு. உள்ளே பிஸ்டன் இல்லை, ராஜா இருந்தார். பக்கத்தில் ஒரு மஞ்சள் டேக். அவர் கையிலிருந்து வந்த முதல் மஞ்சள், என் டூல் பாக்ஸைத் தவிர்த்து.

"பாரு" என்றார். 

மைக்ரோஸ்கோப்பின் அடியில் வைத்தேன். எழுத்து இருந்த பக்கத்தை முதலில் பார்த்தேன். இலைகளும் கொடிகளும் நேற்று அடித்ததுபோல் விளிம்பு விளிம்பாக நின்றன. திருப்பினேன். கிரீடத்தில் ஒரு குறையும் இல்லை. தாடி சுருள் சுருளாக அப்படியே இருந்தது. நெற்றியின் நடுவில் மட்டும், தினமும் தண்ணீர் விழுகிற கல்லைப்போல வழவழவென்று ஒரு வட்டம். காதின் மடிப்புக்குள்ளே ஒரு சிவப்புப் புள்ளி.

அந்தச் சிவப்பை எனக்கு நன்றாகத் தெரியும்.

என் டிப்ளமா சான்றிதழ் வந்த வருஷம், சரஸ்வதி பூஜைக்கு என் அம்மா அதைப் புத்தகங்களுக்கு மேலே வைத்து, சரியாகக் கல்லூரி முத்திரையின் நடுவில் குங்குமம் வைத்துவிட்டாள். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் சான்றிதழ். பொட்டு இல்லாமல் எப்படி விடுவாள்? நான் பயந்துபோய் ஈரத்துணியால் துடைத்தேன். குங்குமம் பாதி போனது, முத்திரையும் பாதி போனது, அந்த இடத்தில் தாள் பூனை மயிர்போல் எழும்பி நின்றது. இந்தக் கம்பெனியில் சேரும்போதுகூட ஹெச்.ஆரில் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இது என்ன ரத்தமா என்று கேட்டார்கள்.

"அண்ணா, செலவான காசு ரெண்டு பக்கமும் தேயும்" என்றேன். "கன்னம் தேயும், கிரீடம் தேயும், ஓரம் தேயும். இது நெத்தி மட்டும் தேஞ்சிருக்கு. கடைக்காரன் கை இல்ல இது. பொட்டு வெச்சு வெச்சு, துடைச்சுத் துடைச்சுத் தேஞ்சது."

அவர் தன் மோதிர விரலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். ஆறு மாசமாக அவர் வேண்டிக்கொண்டிருந்த தீர்ப்பு அதுதான். முழுக்க அவருக்குச் சாதகமாக, கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. கண் கலங்குவார் என்று நினைத்தேன்.

"சரி" என்றார். "வேற யாராச்சும் பாக்கட்டும்."

முத்துலட்சுமி பார்த்தாள். குங்குமம்தான் அண்ணாச்சி என்றாள். செக்யூரிட்டி வரவழைக்கப்பட்டார். மைக்ரோஸ்கோப்பில் எந்தக் கண்ணை வைப்பது என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்கவே நேரமானது. கடைசியில் அவரும், "சாருக்குப் பொட்டு வெச்சிகீறாங்க சார்" என்றார். சார் என்றது ராஜாவை.

அப்போதும் அவருக்கு மனசு ஆறவில்லை. சொல்லவேண்டிய ஆள் ஒருத்திதான் என்று எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. அவருக்கும் தெரிந்தது. மேஜையைத் துணியால் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், உன் ஊர்தானே, அந்தக் கடை வழியாகத்தானே போவாய், போட்டோவைச் சும்மா காட்டிப் பார், நான் சொன்னதாகச் சொல்லாதே என்றார்.

சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் இறங்கி அக்கா கடைக்குப் போனேன். அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அகலமான ஆள், குரல் அதைவிட அகலம். தோசைக்கல்லின் முன்னால் நின்றுகொண்டு, ஹாஸ்டல் பெண்கள் நாலு பேருக்கு ஒரே நேரத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். போனில் இருந்த படத்தை நீட்டினேன். மைக்ரோஸ்கோப்பில் எடுத்ததால் ராஜாவின் நெற்றி திரை முழுக்க இருந்தது.

அத்தை கரண்டியைக் கீழே வைத்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினார்.

"இது நான் தேச்ச நெத்தியாச்சே" என்றார்.

நான் தோளிலிருந்த பையை இறக்கிப் பெஞ்சில் வைத்தேன்.

"பாவாட கட்டின நாள்லேருந்து என் வேல பாப்பா அது. வெள்ளிக்கிழமைன்னா புளி, சாம்பலு, தேங்கா நாரு. அம்மா பொட்டு வெப்பாங்க, நான் தேப்பேன். ராஜா நெத்தி பளபளன்னு இல்லாட்டி சுண்டலு கெடையாது. அவன் வெளையாடிட்டு சுண்டலுக்கு மட்டும் வருவான்." விரலைப் படத்தின் மேல் வைத்தார். "என் கல்யாணத்துக்கு முன்னாடியே இந்த எடம் இப்பிடித்தான் வழவழன்னு இருந்துச்சு. இது அதே காசுதான்."

அவர் சொன்னது அவருக்கே அப்போதுதான் உறைத்தது. காசு அதேதான் என்றால் அப்பா படுத்த வருஷம் அது எங்கும் போகவில்லை. ஒரு படி அரிசி இல்லாதபோதும் அது தட்டில்தான் இருந்திருக்கிறது. அத்தை போனைக் கையிலேயே வைத்திருந்தார். கல்லில் தோசை கருகத் தொடங்கியது.

பிறகு ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். புளியமரத்தடியில் ஒரு பைக் நின்றிருந்தது. அதன் மேல் ஓர் ஆள் ஹெல்மெட்டின் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, இந்தப் பக்கமே திரும்பாமல், வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தில் எங்கள் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது.

"அந்த ஹெல்மெட்டக் கழட்டிகினு வந்து உக்கார சொல்லு" என்றார் அத்தை. "தோச ஆறுது."

அவர் வந்தார். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். அத்தை தட்டை வைத்தார். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை. ஹாஸ்டல் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுச் சட்னியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா செலவு பண்ணலடா" என்றார் அத்தை. "நான்தான் வாய் தவறி சொல்லிட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். ஒரு வாய் தின்றார்.  சும்மா இருக்க முடியாமல், இந்தக் காசுக்கு முதல் இடத்தில் ஐம்பத்தெட்டு போட்டார்கள் அத்தை, நெற்றி தேய்ந்ததற்குத்தான் குறைத்திருக்கிறார்கள் என்று நான் சொல்லிவைத்தேன்.

அத்தை திரும்பினார். "இன்னாது?"

எழுபதுக்கு ஐம்பத்தெட்டு என்றும், அடுத்த இடத்தில் ஐம்பத்தைந்து என்றும், கடைசியில் தேய்த்ததால் மார்க்கே இல்லை என்றும் விளக்கினேன். அத்தையின் முகம் அடுப்பைவிடச் சிவந்தது.

"வெரலு தேய தேச்சு வெச்சிருக்கேன், அதுக்கு மார்க்கு கொறைப்பானுங்களா? அழுக்கு மூட்டையா வெச்சிருந்தா ஜாஸ்தி போடுவானுங்களா? இன்னாடா நியாயம் இது?" தம்பியின் பக்கம் கரண்டியை நீட்டினார். "நீ இன்னாத்துக்கு வாங்கிகினு வந்த? வேற எடத்துல காட்டுடா."

அவர் அக்காவை நிமிர்ந்து பார்த்தார். அப்படி ஒரு சந்தோஷத்தை நான் யார் முகத்திலும் பார்த்ததில்லை. ஜாங்கிரி தின்ற நாளில்கூட இல்லை.

"அதத்தான்க்கா நானும் சொல்லிகினே இருக்கேன்" என்றார்.

நாலாவது நிறுவனத்துக்கு ரெண்டு பேருமாகச் சேர்ந்து அனுப்பினார்கள். தேய்க்காமல் அனுப்புங்கள், பொட்டு வைக்க வேண்டுமென்றால் டப்பா மேல் வையுங்கள் என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். டப்பாவுக்கு வைத்தால் உள்ளே இருக்கிறவருக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று அத்தை கேட்டார். அனுப்புவதற்கு முந்தின நாள், இத்தனை நாள் இவன் தேய்த்தது தேய்ப்பே இல்லை என்று சொல்லி, புளியும் சாம்பலும் போட்டு அவரே நன்றாக ஒரு தேய்ப்புத் தேய்த்திருக்கிறார். ராஜா கண்ணைக் கூசுகிற மாதிரி பளபளத்தாராம். காசு மறுபடியும் மார்க் இல்லாமல் திரும்பி வந்தது. இந்த முறை அக்காவும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவர்களைத் திட்டினார்கள். ஐந்தாவது இடம் எங்கே இருக்கிறது என்று என்னைத் தேடச் சொன்னார்கள். நான் தேடவில்லை.

பிறகு ஒரு நாள் அத்தை கடைக்குச் சாப்பிடப் போனபோது, கல்லாவுக்கு மேலே சாமி படத்தட்டில் ராஜா இருந்தார். நெற்றியில் பொட்டு. காலடியில் ஒரு பச்சை டேக். எங்கள் கம்பெனி டேக், அவர் கையெழுத்தோடு. யாரைக் கேட்டு ஒட்டினீர்கள் என்று மறுநாள் கேட்டேன்.

"பாத்தா பாத்ததுதான்" என்றார்.

அவர் இங்கிருந்து போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. கம்பெனி வேறு ஊரில் திறந்த கிளைக்கு மாற்றினார்கள். கடைசி நாள் கேக் வெட்டினார்கள். அதில் கிரீம் புளிப்பு என்று அவர் சொன்னதும் முத்துலட்சுமிக்கு ஒரு துண்டு கொடுத்துப் பார்க்கச் சொன்னதும் நடந்தது. கூட்டம் கலைந்த பிறகு என் டூல் பாக்ஸைத் தூக்கி அவர் முன்னால் வைத்தேன். மூடியில் மஞ்சள் டேக், ஓரம் சுருண்டு, நிறம் வெளுத்து, அப்படியே இருந்தது.

"இதுக்கு ஒரு முடிவு சொல்லிட்டுப் போங்கண்ணா."

அவர் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். அப்போதெல்லாம் போட ஆரம்பித்துவிட்டிருந்தார். டேக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார்.

"வேற எடத்துலயும் காட்டிட்டு வாம்மா" என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டார்.

அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. இன்கமிங்கில் அவர் இடத்தில் இப்போது நான்தான் உட்காருகிறேன். சப்ளையர்கள் என்னிடமும் கெஞ்சுகிறார்கள். வேலை செய்துகொண்டே பகுதி நேரமாகப் படித்து பி.இ.யும் முடித்தேன். ஆனாலும் இன்ஜினியர் பதவி கேட்கிறபோதெல்லாம், டிப்ளமாவில் உள்ளே வந்தவர்களுக்கு இது போதும் என்று அப்ரைசலில் எழுதுகிறார்கள். இந்த வருஷமும் எழுதினார்கள். முன்பென்றால் ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்திருப்பேன். இந்த முறை தாளை மடித்து வைத்துவிட்டு வேறு மூன்று கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போட்டேன்.

போன வெள்ளிக்கிழமை மண்ணூரில் ஒரு கம்பெனியில் கூப்பிட்டார்கள். பி.இ. சான்றிதழ் வந்த அன்றே அதை ஒரு கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, நாலு பக்கமும் நானே ஒட்டிவிட்டிருந்தேன். அம்மா அதைப் புரட்டிப் பார்த்து, இதற்குள் எப்படிப் பொட்டு வைப்பது என்று கேட்டாள். மேலேயே வை என்றேன். வைத்தாள். நான் கிளம்பும்போதும் ஒரு தடவை, ஈரக் குங்குமத்தை எடுத்து, முத்திரைக்கு நேராக, பெரிதாக வைத்தாள்.

உள்ளே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரிஜினல் காட்டுங்கள் என்றார்கள். பையிலிருந்து எடுத்தேன். பொட்டு கொஞ்சம்கூடக் கலையாமல் சிவப்பாக இருந்தது. என் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன். உறையைத் துடைக்கவில்லை. அப்படியே மேஜை மேல் அவர்கள் பக்கமாக நகர்த்தினேன்.